ஸோலிங்கன் சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

ஜெர்மனியில் வூப்பர் ஆறு வளைந்தோடும் மலைச்சரிவில் இருக்கிறது ஸோலிங்கன். வாள் அடித்துப் பேர் வாங்கிய ஊர், பிற்காலத்தில் கத்தரிக்கோலுக்கும் மடக்குச் சவரக்கத்திக்கும் மாறியது. 1938இல் வந்த ஒரு சட்டம் அந்த ஊர்ப்பெயருக்கே காவலாயிற்று. முக்கியமான வேலைகள் எல்லாம் ஸோலிங்கன் வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கலாம்.

கரிம எஃகுக் கம்பியைக் காய்ச்சி அச்சில் அடித்தால் கத்தியின் உருவம் கிடைக்கும். மீண்டும் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்குவார்கள். இதுவரை நடப்பது மற்றக் கத்திகளுக்கும் பொது. சவரக்கத்தியைச் சவரக்கத்தி ஆக்குவது குழிவுச் சாணை. சுழலும் சாணைச் சக்கரங்களின் வளைவு அலகின் இரு பக்கத்தையும் உள்வாங்கச் செய்கிறது. முதுகு தடிமனாக நிற்க, வாய்ப்பக்கம் தாளாக மெலிகிறது. சாணைக்காரர் வாயைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல அழுத்திப் பார்ப்பார். எஃகு நகத்தின் மேல் வளைந்து மீண்டால் குழிவு போதும். ஒரு கணம் கூடுதலாகச் சக்கரத்தில் வைத்தால் சூடேறி எஃகின் கடினம் போய்விடும், கத்தி பாழ்.

இந்தச் சாணைக்காரர்கள் ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரம் ஓட்டிய ‘கோட்டன்’ பட்டறைகளில் ஆளுக்கோர் இடம் பிடித்து வேலை செய்தார்கள். பால்க்ஹவுஸர் கோட்டன், விப்பர்கோட்டன் இரண்டும் இன்றும் நிற்கின்றன. சாணையிடாத கத்திகளை வியாபாரி கொடுப்பார். முடிந்த சரக்கைப் பெண்கள் கூடையில் வைத்துத் தலைச்சுமையாக மேடு பள்ளம் ஏறி இறங்கி அவரிடம் சேர்ப்பார்கள். கூலியைப் பணமாகத் தராமல் துணியாகவும் மளிகையாகவும், அதையும் விலை கூட்டித் தந்த வியாபாரிகள் உண்டு. 1849இல் பிரஷ்ய அரசு அந்த வழக்கத்தைத் தடை செய்ய வேண்டியிருந்தது. மணற்கல் சக்கரத்தின் தூசி நுரையீரலில் படிந்து இளவயதிலேயே மாண்ட சாணைக்காரர்கள் ஏராளம். பெயரும் லாபமும் வியாபாரிக்கு, இருமல் சாணைக்காரருக்கு என்று பங்கு பிரித்த தொழில் அது. கத்தியின் அழகைப் பேசும் எவரும் இந்தக் கணக்கை மறைக்கக் கூடாது.

1904இல் கில்லெட் காப்புரிமை பெற்ற பிளேடு ரேஸர், முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பையில் ஏறியது. தீட்டத் தேவையில்லாத பிளேடுக்குப் பழகிய முகங்கள் மடக்குக் கத்திக்குத் திரும்பவில்லை.

மடக்குக் கத்தியைத் தீட்டும் வேலைக்கு வழிகாட்டி கத்தியிலேயே இருக்கிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். பெரும்பாலான கத்திகளில் இரு பக்கமும் சேர்த்து அது 16, 17 பாகை அளவில் இருக்கும். முதுகைத் தூக்கினால் எல்லாம் கெட்டது. கல் சமதளமாக இருக்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் விரித்த நீர் உப்புத்தாளில் தேய்த்தால் பள்ளம் எங்கே என்று அழியாத கோடு காட்டிக்கொடுக்கும். முதலில் 1000 எண் கல். இரு பக்கச் சரிவும் வாயில் சரியாகச் சந்திப்பது இங்கேதான், பொறுமையின் பெரும்பங்கும் இதற்கே. வாயோரம் மார்க்கர் மை தடவி நாலு முறை இழுத்தால் கல் தொடாத இடம் தெரியும். குதிகால் முதல் நுனி வரை எல்லா இடமும் கைமுடியை மழிக்கும்வரை அடுத்த கல்லுக்குப் போவது வீண். அதன்பின் 4000 அல்லது 5000, 8000, 12000 என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் அருகே வெட்டியெடுத்த மஞ்சள் நிற ‘கோத்திக்யூல்’ கல்லில் நுண்ணிய கார்னெட் படிகங்கள் உண்டு. அதன் குழம்பைத் தண்ணீர் விட்டு மெதுவாக நீர்க்கச் செய்தால் ஒரே கல்லில் பல கற்களின் வேலை முடியும்.

கல்லில் வாய் முன்னே போகும். கல்லுக்குப் பின் கத்தியை இழுக்கும் தோல்வாரில் முதுகு முன்னே போகும். முதலில் துணிப்பட்டை, பிறகு தோல், ஐம்பது அறுபது இழுப்பு. திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும். அவசரத்தில் வாயின் மேல் திருப்புகிறவர் தோல்வாரையும் கத்தியின் கூர்மையையும் ஒன்றாக இழக்கிறார்.

தமிழகச் சலூன்களில் இப்போது புழங்குவது பிளேடைச் செருகும் கத்தி. தீட்டும் வேலை அதோடு போயிற்று. கத்தி பிடிக்கும் முறை போகவில்லை. சவரம் கற்க நினைப்பவர் சலூன்காரரின் இடக்கையைக் கவனித்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். தோலை இறுக இழுத்துப் பிடிப்பது அந்தக் கைதான். வெந்நீரும் நுரையும் முடியை இளக்கிய பிறகு, முகத்துக்கு 30 பாகை சாய்த்து, முடி வளரும் திசையில் அழுத்தாமல் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் தோல் கிழியும். தொடக்கத்தில் கன்னம் மட்டும் போதும். தாடையும் மேலுதடும் கை பழகியபின். முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால், கடலோர ஊர்களில் கரிம எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

புதிதாக வாங்கும் கத்தி பெரும்பாலும் முகத்துக்குத் தயாராக இருக்காது. முதல் தீட்டலைத் தேர்ந்த கையிடம் விட்டு, தோல்வாரை மட்டும் முதலில் பழகுங்கள். தீட்டித் தருபவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.