கேஸ் எங்கே போனது?

பங்குனி பிறந்துவிட்டால் கொங்குப் பகுதியின் கார் ஏசி பட்டறைகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கார்களுக்கு நடுவே பத்து, பன்னிரண்டு வருடம் ஓடித் தேய்ந்த டீசல் பிக்கப்களும் நிற்கும். கல்குவாரிக்கும் கட்டட வேலைக்கும் ஆளையும் சாமானையும் ஏற்றிப் போகிற பொலேரோ கேம்பர், இரண்டு மூன்று கை மாறி வந்த டாடா ஜெனான், ஸ்கார்பியோ கெட்அவே. ஓட்டுநர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, கூலிங்கே வர்றதில்லீங்க. கேஸ் தீந்துருச்சாட்ட இருக்குது. கேஸ் மட்டும் அடிச்சு விட்ருங்க." குறை என்ன, வேலை என்ன, கூலி எவ்வளவு என்ற மூன்றும் இந்தப் பேச்சிலேயே முடிவாகிவிடுகின்றன. மெக்கானிக் செய்ய வேண்டிய முதல் வேலை குறை எதுவென்று தேடுவது. அதற்கு மட்டும் இதில் இடமில்லை. இப்பட்டறைகளில் நின்று வேலையைக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இந்தத் தொழிலின் திறமை முழுக்கத் தேடுவதில் இருக்கிறது, நம் வழக்கமோ கேஸுக்கும் பார்ட்டுக்கும்தான் காசு கொடுக்கிறது.

கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. டீசல் எரிந்து தீரும், பிரேக் கட்டை தேய்ந்து தீரும். ஏசியில் ஓடும் ஆர்134ஏ அப்படிச் செலவாவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. கன்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. டிரையரைத் தாண்டி எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே கூலிங் காயிலுக்குள் பாய்ந்து, கேபினின் வெப்பத்தை வாங்கி ஆவியாகி, மீண்டும் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. மூடிய வட்டம். குறைந்திருந்தால் ஏதோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். குறைந்திருக்கிறதா என்பதையும் கேஜை மாட்டியவுடன் சொல்லிவிட முடியாது. இன்ஜின் பல மணி நேரம் நின்ற வண்டியில், வெயில் 35 டிகிரி என்றால், இரண்டு கேஜும் ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும்வரை கால் கிலோ இருந்தாலும் முக்கால் கிலோ இருந்தாலும் அதே எண்தான். அடுப்படி சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தீயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் தூக்கிப் பார்க்கிறோமே, அதே கதைதான். எடை ஒன்றே நம்பத் தகுந்த அளவு. உள்ளே இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து, நிறுத்துப் பார்த்து, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி ஏற்ற வேண்டும். கூடுதலாக அடித்தால் கூடுதலாகக் குளிரும் என்ற நம்பிக்கையும் தவறு. மிகையான திரவம் கன்டென்சரின் இடத்தை அடைத்துக்கொள்ள, வெப்பம் வெளியேறும் பரப்பு சுருங்கி, அழுத்தம் எகிறி, குளிர்ச்சி குறையும். கம்ப்ரஸருக்கும் இன்ஜினுக்கும் வீண் பளு.

ஆக, கேஜ் ஒரு சாட்சி மட்டுமே. மற்ற சாட்சிகளைத் தேர்ந்த மெக்கானிக் ஓட்டுநரின் வாயிலிருந்து வரவழைக்கிறார். எப்போது குளிர்கிறது, எப்போது நின்றுபோகிறது என்ற கேள்விக்கு வரும் பதிலில் பாதிப் பழுது தெரிந்துவிடும். பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குளிர்கிறது, சந்தைக்குள் நின்றால் அனலடிக்கிறது என்றால் கேஸை விட்டுவிட்டுக் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். பல பழைய டீசல் பிக்கப்களில் ரேடியேட்டர் விசிறியை இன்ஜினே சுழற்றுகிறது. நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் உண்டு. வெப்பம் ஏற ஏற அது விசிறியை இறுகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் கசிந்து அந்தப் பிடி தளர்ந்துவிட்டால், ஐடிலில் விசிறி பெயருக்குச் சுற்றும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு; நிற்கும் வண்டிக்கு விசிறியே கதி. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குவாரித் தூசியும் வைக்கோல் தும்பும் அப்பியிருந்தாலும் விளைவு இதுவேதான். முன்னாலிருந்து பார்த்தால் கன்டென்சர் சுத்தமாகவே தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நடுவில் இருக்கும் கம்பளம் கண்ணில் படும். இந்த வண்டிக்கு மேலும் கேஸ் அடிப்பது, மூச்சுத் திணறுகிறவருக்கு இன்னொரு வேளைச் சோறு ஊட்டுவதற்குச் சமம்.

இன்னும் நுணுக்கமான ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். ஒரு மணி நேரம் ஓடியபின் குளிர்ச்சி போய்விடுகிறது, சற்று நிறுத்தி எடுத்தால் திரும்பி வருகிறது என்று இரண்டு ஓட்டுநர்கள் ஒரே மாதிரி சொல்வார்கள். மெக்கானிக் அடுத்த கேள்வி கேட்பார்: காற்றின் வேகம் குறைந்ததா, அல்லது வேகம் அப்படியே இருந்து வெறும் சூடு மட்டும் வந்ததா? வேகம் குறைந்தால் கூலிங் காயில்மேல் பனி கட்டிக் காற்றின் வழியை அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டையோ சென்சாரையோ பார்க்க வேண்டும். வேகம் குறையாமல் குளிர் மட்டும் போனால் குழாய்க்குள்ளே ஈரம் இருக்கிறது. அந்தத் துளி நீர் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து துளையை அடைத்து, வண்டி நின்றதும் உருகி வழிவிடுகிறது. முதலாவது மின்சாரப் பழுது, இரண்டாவது முன்பு ஒருமுறை அவசரத்தில் வேக்குவம் சரியாகப் போடாததன் பலன். 30 டிகிரியில் நீர் கொதித்து ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 32க்கும் கீழே இறங்க வேண்டும். இறக்குவதோடு முடியாது, ஈரம் முழுதும் வெளியேறும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பம்பை நிறுத்திவிட்டுக் கேஸ் ஏற்றினாலும் அன்றைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். தவறு வெளியே தெரிய வாரங்கள் ஆகும்.

கம்ப்ரஸர் கிளட்ச் இதைவிடத் தெளிவான சாட்சி. காலையில் நன்றாகப் பிடிக்கும், உச்சி வெயிலில் விட்டுவிடும். கேஸ் இல்லை என்று ஒருவர் சொல்வார், கம்ப்ரஸர் போய்விட்டது என்று இன்னொருவர் பல ஆயிரம் ரூபாய் சொல்வார். பல நேரம் உண்மை வேறு. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி, வருடக்கணக்கான தேய்மானத்தில் கூடிவிட்டிருக்கும். காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடும், இழுக்கும் காந்த சக்தி குறையும். அந்தக் கூடுதல் இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதற்குத் திராணி இருக்காது. ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மாற்றிய பார்ட் எதுவுமில்லை, ஏற்றிய கேஸும் இல்லை. பில்லில் எதை எழுதுவது? தேடிக் கண்டுபிடித்தவருக்கு டீக்காசும், தேடாமல் கம்ப்ரஸரையே மாற்றியவருக்குக் கமிஷனும் கிடைக்கிற ஏற்பாட்டில், அடுத்த தலைமுறைப் பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

இந்த வேலைக்கு மூன்று தொழில்களின் அறிவு வேண்டும். விசிறிக் கிளட்சும் பெல்ட்டும் இன்ஜின் மெக்கானிக்கின் பாடம். ரிலேயும் பிரஷர் சுவிட்சும் எலெக்ட்ரீஷியனின் பாடம். கசிவும் வேக்குவமும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பாடம். ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் ஒரு பிரிவு, குளிர்பதன மெக்கானிக் இன்னொரு பிரிவு. இரண்டு பேரும் தனித்தனியாகப் படித்து வெளியே வருகிறார்கள். பழைய பிக்கப்பின் ஏசியோ இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. அதனால் கார் ஏசி வேலை பெரும்பாலும் பட்டறையிலேயே, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வயதில் தொடங்கிக் கையால் கற்கப்படுகிறது. டிரையரின் இரு பக்கமும் தொட்டுப் பார்த்து, ஒரு பக்கம் சூடு மறுபக்கம் குளிர் என்றால் உள்ளே அடைப்பு என்று விரல் சொல்ல வேண்டும். குழாய் இணைப்பில் தூசி கருப்பாக அப்பியிருந்தால், கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய் அங்கே கசிகிறது என்று கண் சொல்ல வேண்டும். ஆபத்தும் உண்டு. ஆர்134ஏ திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது. கண்ணில் தெறித்தால் உறையவைத்துவிடும். கசிவு பார்க்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை ஏற்றினால், உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். மலிவுக் கேஸ் இன்னொரு அபாயம். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததற்கு, ஆர்134ஏ என்ற பெயரில் வந்த கலப்படக் கேஸ்தான் காரணம் எனத் தெரியவந்தது. அதிலிருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியிருந்தது. கேஸின் விலையில் மட்டும் பேரம் பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஓட்டுநர் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. அரை மணியில் கேஸ் அடித்துக்கொண்டு போனால் இந்தக் கோடையை ஓட்டிவிடலாம். கசிவைத் தேடி டேஷ்போர்டைக் கழற்றி, கூலிங் காயிலை வெளியே எடுத்தால் அந்த நாளே பாழ். இதை நான் தள்ளிவிட மாட்டேன். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சிறிதளவு கேஸ் கசிவது பழைய வண்டிக்கு இயல்பு. மூன்று நான்கு கோடைக்கு ஒருமுறை குறைகிறதென்றால் அளந்து நிரப்பிவிட்டுப் போவது அறிவுள்ள முடிவுதான். ஆனால் போன மாதம் அடித்தது இந்த மாதம் இல்லை என்றால் கணக்கு மாறுகிறது. ஒரே கோடையில் மூன்று முறை அடித்த கேஸின் விலையும், மூன்று முறை காத்திருந்த நேரமும் ஒரு முழு நாள் வேலையின் கூலியைத் தாண்டிவிடும். கேஸ் குறைந்த ஓட்டத்தில் எண்ணெய் கம்ப்ரஸருக்குச் சரியாகத் திரும்பாமல் அதுவும் தேய்ந்து தூளாகி, தூள் கன்டென்சர்வரை போய்விட்டால் ஓ-ரிங் மாற்றித் தீர்ந்திருக்கும் வேலை முழு சிஸ்டத்தையும் மாற்றுவதில் முடியும். எந்த வண்டி எந்த வகை என்று சொல்வதற்கே, போன தடவை எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை ஏற்றினார்கள் என்ற குறிப்பு தேவை. அந்தக் குறிப்பை எழுதித் தருவது அரிது.

வேறு சிலர் கேட்பது: பழைய பிக்கப் ஓட்டுகிறவருக்கு ஏசி எதற்கு, ஜன்னலை இறக்கிவிட்டால் போதாதா? சட்டமே இதற்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகைச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளவை அவை. வெயிலில் வேகும் ஓட்டுநர் சோர்ந்துபோவார் என்பதும், சோர்ந்தவர் கையில் வண்டி பாதுகாப்பாக இருக்காது என்பதும் அந்த விதிக்குள் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பிக்கப்கள் அதில் வரவில்லை. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளும் வரவில்லை. இன்ஜின் சூடும் குவாரிப் புழுதியும் எடையைப் பார்த்து வருவதில்லை. இவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ஏசியைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது. ஆகவே பட்டறையில் நடக்கும் வேலையின் தரத்தை நான் தொழிலாளர் நலனோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

கசிந்த கேஸ் காற்றில் கலக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூறாண்டுக் கணக்கில் ஆர்134ஏவின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு. அரைக் கிலோ வெளியேறினால் 715 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏறத்தாழ 265 லிட்டர் டீசலை எரித்ததற்கு ஈடு. 2016இல் கிகாலியில் உருவான ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2032இலிருந்து இவ்வகைக் கேஸ்களின் பயன்பாட்டைக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைத்திருக்க வேண்டும். 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டமும் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் சான்றிதழ் வாங்கி வரும் பையன், உள்ளே மிஞ்சிய கேஸை உறிஞ்சி எடுக்க இருபது நிமிடம் செலவழித்தால், அந்த இருபது நிமிடத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஊசி வால்வை அழுத்திக் காற்றில் விட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கும் இதற்கும் பில்லில் ஒரே தொகை.

தேடுவதற்குத் தனிக் கூலி வைத்தால் பட்டறைக்காரர் தேடாமலேயே வாங்கிக்கொள்வார் என்ற சந்தேகம் வரும். தேடியதற்கு எண்கள் சாட்சியாக இருக்கின்றன. வெளியே எடுத்த கேஸ் இத்தனை கிராம், வேக்குவம் இத்தனை நிமிடம், நைட்ரஜன் அழுத்தம் இவ்வளவு, அரை மணி கழித்து இவ்வளவு, கசிவு இந்த இணைப்பில், ஏற்றியது இத்தனை கிராம், ஐடிலில் காற்றுவழியில் வைத்த தெர்மாமீட்டர் காட்டியது இவ்வளவு. இவற்றை எழுத ஒரு பில் தாளின் பின்பக்கம் போதும். அடுத்த கோடையில் வேறு ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டலாம். பொய் எண் எழுதியவர் அங்கே அகப்படுவார். இதில் கடினமானது நைட்ரஜன் ஏற்றியபின் வரும் அந்த அரை மணிதான். இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரையைத் தடவிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிறு கசிவில் முதல் குமிழி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரவே சில நிமிடம் பிடிக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குப் பையன் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். ஓட்டுநர் செல்போனில் மணி பார்ப்பார், பட்டறைக்காரர் வாசலில் வந்து நிற்கும் அடுத்த வண்டியைப் பார்ப்பார். பையன் நுரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும்.