வில்லனும் கிளார்க்கும்

சிறுவயதில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த இரவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. திரையில் நம்பியார் தோன்றியதும், "வந்துட்டான்டா வில்லன்!" என்று என் தந்தையார் பல்லைக் கடிப்பார். பகலெல்லாம் குத்தகை நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு வந்த மனிதர் அவர். அந்த ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் அவரைப் போன்றவர்களையே குறித்தது என்பதை அவரும் அறியார்; நானும் அன்று அறியேன்.

அதை எனக்கு அறிவித்தது, தில்லி தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் கூடிய பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய ஓர் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி. 'வில்லா' என்றால் இலத்தீனில் பண்ணை வீடு. பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் 'வில்லானுஸ்'. அச்சொல்லின் பிரெஞ்சு வடிவமே ஆங்கிலத்தில் 'வில்லன்' ஆயிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1086-இல், முதலாம் வில்லியம் மன்னன் நிலங்களைக் கணக்கெடுக்கச் செய்தான். 'டூம்ஸ்டே புத்தகம்' என வழங்கும் அக்கணக்கில் பதிவான மக்களுள் மிகப் பெரிய பிரிவினர் 'வில்லானி' என்னும் குடியானவர்களே. அச்சொல்லில் அன்று குற்றம் ஏதுமில்லை. பின்னர் அது நாகரிகம் அறியாதவன், இழிகுணத்தான், முடிவில் கொடியவன் என்று படிப்படியாகச் சரிந்தது. இன்று முரடனைக் குறிக்கும் 'பூர்' என்ற சொல்லும் முன்பு உழவனையே குறித்தது.

சரிந்த சொற்கள் உண்டெனில் உயர்ந்த சொற்களும் உண்டு. 'நேவ்', 'நைட்' ஆகிய இரண்டும் பழைய ஆங்கிலத்தில் சிறுவன் என்னும் பொருளன. ஏவல் செய்பவனையும் குறித்தன. குதிரையேறி மன்னனுக்காகப் போரிட்டவன் 'நைட்' என்னும் பட்டத்துக்கு உரியவனானான். பணியாளாகவே நின்றவன் 'நேவ்' ஆகி, பிற்காலத்தில் அயோக்கியன் எனப்பட்டான். ஒரே பொருளில் பிறந்த இரு சொற்களுக்கு எத்தனை வேறான தலையெழுத்து!

என் உத்தியோகத்தின் பெயரையும் தேடினேன். 'கிளார்க்' என்பது சமயகுருவைக் குறித்த சொல். எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் மதகுருமாராக இருந்த காலத்தில், எழுதத் தெரிந்தவன் எவனும் கிளார்க் ஆனான். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. உழுதவன் வில்லன், எழுதியவன் கிளார்க். உழுதவன் கையில் எழுதுகோல் இல்லை. ஆகவே அவன் பெயருக்கு என்ன பொருள் என்பதை எழுதத் தெரிந்தவர்களே தீர்மானித்தார்கள்.

ஆங்கிலேயரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' நம் வாயில் துர்க்கந்தம் ஆகிவிட்டது. வள்ளுவர் உழவுக்கென்று 104-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். நாமோ 'பட்டிக்காட்டான்' என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

நானும் அந்தக் கிளார்க்குகளின் வழித்தோன்றல்தான். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முறை தந்தையார் தில்லிக்கு வந்திருந்தார். அலுவலக வாயிலில் சக ஊழியர் ஒருவர், "உங்கள் தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "ஊரில் நிலம் நீச்சைப் பார்த்துக்கொள்கிறார்" என்றேன். கேட்டவர் பண்ணையார் என்று எண்ணியிருப்பார். அப்படி எண்ண வேண்டும் என்றுதான் அவ்வாறு சொன்னேன். வெடித்த பாதங்களோடு பக்கத்தில் நின்றிருந்த தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் திரும்பும்போது மட்டும், "பிறத்தியார் நிலம்னு சொன்னா என்னப்பா கொறைஞ்சிடும்?" என்று கேட்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் என் மகள் பள்ளியில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. "அப்பா, தாத்தா என்ன வேலை பார்த்தாங்க?" என்றாள்.

"ஏர் உழுதார். நிலம் கூட அவருடையதில்லை. அப்படியே எழுது" என்றேன்.

அவள் எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரு முறை படித்துப் பார்த்தேன்.