மையின் எடை

அளவையில் குறை செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் உண்டு. 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் அந்த அத்தியாயம் ஓதப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது, படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் எடைமேடைதான். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, பாலாற்றுக்குத் தெற்கே உள்ள அவ்வூரில், நம் அத்தா எடைச்சீட்டு எழுதும் பணியில் இருந்தார்கள். கரும்பு ஏற்றிவந்த வண்டியை முதலில் நிறுப்பார்கள். கரும்பை இறக்கியபின் வெறும் வண்டியை மறுபடியும் நிறுப்பார்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே விவசாயிக்கு உரியது. "வெறும் வண்டியின் எடை தெரியாதவனுக்குக் கரும்பின் எடையும் தெரியாது" என்று அத்தா சொல்வதுண்டு. பல்லாண்டுகளுக்குப் பின், ஒரு சிறு புகைப்படத்தை அச்சிடும் வேலையில் அச்சொல் நமக்குக் கைகொடுக்கும் என்று அன்று யார் நினைத்தார்?

அது நம் அம்மாவின் படம். 1979 இல் ஹஜ் பயணத்துக்கு விண்ணப்பிப்பதற்காகச் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் அம்மா கேமராவின் எதிரே அமர்ந்ததில்லை. பயணம் கைகூடுவதற்குள் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் வீட்டுச் சுவரில் எந்தப் படமும் தொங்கியதில்லை. ஆயினும் அந்த நெகட்டிவை அத்தா ஓர் உறையிலிட்டுத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். எண்பதைக் கடந்த நம் தமக்கையார், கண்ணொளி முற்றிலும் மங்குமுன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பெரிதாகப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டார். மறுக்க முடியாத வேண்டுகோள் அது.

நகரத்துக் கடையொன்றில் கொடுத்து அச்சிட்டு வந்தோம். முகத்தில் பச்சை படர்ந்திருந்தது. வெள்ளைத் துப்பட்டி, மடிப்பு ஒன்றும் தெரியாமல், சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துக் கிடந்தது. தமக்கையார் நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது அம்மா மாதிரி இருக்கிறது, அம்மா இல்லை" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறை எங்கே என்று தேடத் தொடங்கினோம்.

இருட்டறையில் படம் கழுவிய காலத்தில் தாளிலேயே வெள்ளி உப்பு இருந்தது. ஒளி பட்ட இடம் கறுத்தது. அத்தகைய பிலிமும் தாளும் நம் மாநிலத்திலேயே உருவாயின. உதகையில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் அவற்றை 'இந்து' என்னும் பெயரில் ஆக்கித் தந்தது. அவ்வாலையும் இன்று மூடப்பட்டுவிட்டது. இப்போது வீடுகளிலும் கடைகளிலும் இருப்பது மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி. வண்ணப் படங்களுக்கென்று அமைந்த அது, சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. அக்கலப்பில் ஒன்று சற்று மிகுந்தாலும் சாம்பல், சாம்பலாக இராது. பகலொளியில் சரியாகத் தோன்றுவதும் குழல்விளக்கில் பச்சையாகத் தோன்றக்கூடும்.

இதற்கு மாற்று, வண்ண மைகளை அகற்றிவிட்டு, கரிமைகளை மட்டும் அச்சுப்பொறியில் நிரப்புவது. கரி நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவித்தான் நம் முன்னோர் எழுத்தைத் துலங்கச் செய்தனர். அரபு எழுத்துக் கலைஞர்களும் விளக்குக் கரியோடு கருவேலம் பிசின் வகையைக் கலந்தே மை கூட்டினர். வண்ணச் சாயங்கள் ஒளிபட்டு வெளிறும். கரியோ நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் 'பீசோகிராஃபி' என்ற பெயரில் பல அடர்த்திகளில் அமைந்த கறுப்பு மைகளைப் பரப்பினார். ராய் ஹாரிங்டன் என்பவர் 'குவாட்டோன் ரிப்' என்னும் மென்பொருளை எழுதினார். ஒவ்வொரு மையும் எவ்வளவு விழ வேண்டும் என்பதை நாமே வகுத்துக்கொள்ள அது இடந்தருகிறது. இவ்வகுப்பைத்தான் 'புரொஃபைல்' என்கின்றனர். நாம் அதனை 'மைக்கணக்கு' என்று சொல்லிக்கொண்டோம்.

பழைய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, அதன் கார்ட்ரிட்ஜ்களைக் கழுவி, ஒரே கரிமையை நான்கு அடர்த்திகளில் நிரப்பினோம். முதலாவது முழுக்கறுப்பு. மற்றவை நூற்றுக்கு முப்பது, ஒன்பது, மூன்று என்ற பங்குகளில், நிறமற்ற நீர்மத்தால் நீர்த்தவை. படத்தின் இருண்ட இடங்களுக்கு முதலாவது. துப்பட்டி போன்ற வெளுத்த இடங்களுக்குக் கடைசியானது. கெட்டியான மையை மட்டும் கொண்டு வெளிறிய இடத்தை அச்சிட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகளே தெரியும். நீர்த்த மையோ நெருக்கமாக விழுந்து மென்மை தரும்.

கணக்கின் முதற்படி, தாள் எவ்வளவு மை தாங்கும் என்று அறிவது. ஒவ்வொரு மையையும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கட்டங்களாக அச்சிட்டோம். ஓர் எல்லை வரை கறுப்பு ஏறுகிறது. அதன்பின் மை கூடுகிறதேயன்றிக் கறுப்பு கூடவில்லை. தாள் நனைந்து நெளிகிறது. அவ்வெல்லையில் மையை நிறுத்தினோம். அடுத்து, வெள்ளை முதல் கறுப்பு வரை ஐந்தைந்து விழுக்காடாக உயரும் 21 கட்டங்களை அச்சிட்டு, ஒரு நாள் முழுதும் உலரவிட்டோம். அது ஐப்பசி அடைமழைக் காலம். காற்றின் ஈரத்தில் தாள் பதமாகி மை பரவியதால், முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின.

இனி அளத்தல். ஒரே சாயம் வெள்ளையின் நடுவே இருண்டும், கறுப்பின் நடுவே வெளிறியும் தோன்றும் என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கியிருக்கிறார். எனவே கண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. விலை மிகுந்த அளவைக் கருவி நம்மிடம் இல்லாமையால், அளவு முன்பே தெரிந்த சாம்பல் அட்டையொன்றை அருகில் வைத்து, ஸ்கேனரைக் கொண்டே அளந்தோம். கண்ணுக்குப் புலப்படும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை எண்களால் குறிக்கும் அளவுகோல் ஒன்று 1976 இல் உலக ஒளியியலாரால் ஏற்கப்பட்டது, அதையே பின்பற்றினோம்.

இங்கேதான் அத்தாவின் சொல் நினைவுக்கு வந்தது. மையை அளக்குமுன் வெறும் தாளை அளந்தோம்: 97. மிகக் கறுத்த கட்டம் 17. இடையே உள்ள 80 புள்ளிகளை இருபது படிகளாகப் பகுத்தால், படிக்கு நான்கு. ஆகவே முதற்படி 93 ஆகவும், நடுப்படி 57 ஆகவும் இருத்தல் வேண்டும். நமக்கு வந்ததோ வேறு. நடுப்படி 44 என்று இருண்டிருந்தது. முதற்படி 96 க்கும் மேலே, வெறும் தாளோடு தாளாக நின்றது. அதாவது, துப்பட்டியின் மடிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் மையே விழவில்லை. நாம் முன்பு கடையிலிருந்து வாங்கிவந்த படத்தில் காணாமற்போனதும் இத்தகைய மெல்லிய சாம்பல்தான் என்பது புலனாயிற்று.

அளந்த எண்களை மென்பொருளில் எழுதினோம். எங்கே மிகுந்ததோ அங்கே குறைத்தும், எங்கே குறைந்ததோ அங்கே கூட்டியும் புதிய மைக்கணக்கை அது வகுத்துக்கொண்டது. மறுபடி அச்சிட்டோம், மறுபடி உலரவிட்டு அளந்தோம். மூன்றாம் முறை முதற்படி 93 ஐத் தொட்டது. இக்கணக்கு அந்த மைக்கும், அந்தத் தாளுக்கும், அந்த அச்சுப்பொறிக்கும் மட்டுமே உரியது. தாளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வண்டியின் எடையை இன்னொரு வண்டிக்குக் கழிப்பது நீதியாகாது அன்றோ!

இதற்கிடையே, தமக்கையாரின் மகன் ஒரு யோசனை கூறினான். கணினியில் கொடுத்தால் சில நொடிகளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, வண்ணமும் தீட்டித் தருமாம். அன்பினால் சொன்னதுதான். ஆனால் கணினிக்கு அம்மாவைத் தெரியாது. தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு முகத்தை அது இட்டு நிரப்பும். நெகட்டிவ் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் குறைத்துக் கொடுப்பது எவ்வாறு தவறோ, அவ்வாறே கூட்டிக் கொடுப்பதும் அதன் தூய்மையைக் கெடுப்பதே.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், படத்தைத் தமக்கையாரிடம் கொண்டு சென்றோம். சன்னல் ஓரமாக அமர்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். முகத்தை அவர் பார்த்தது சிறிது நேரமே. பிறகு கண்ணாடி மெல்லக் கீழிறங்கி, துப்பட்டியின் மடிப்புகள் வழியே நகர்ந்து, தோளருகே வந்து நின்றது. அங்கே வெள்ளையிலும் வெள்ளையாக, ஒரு விரற்கடை நீளத்துக்குத் தையல் ஒன்று தெரிந்தது. நாம் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

"புறப்படும்போது கதவு ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. வேறு துப்பட்டி துவைக்கப் போட்டிருந்தது. நான்தான் அவசரமாகத் தைத்துக் கொடுத்தேன். படத்தில் தெரியுமா என்று அம்மா கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன்" என்றார்.

படத்தை மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. பழைய துணியில் சுற்றி, தம் தஸ்பீஹ் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தத் தையலை நாம் உண்டாக்கவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அது நெகட்டிவில் இருந்தது. தாளின் வெண்மைக்கும் மிக மெல்லிய மைக்கும் இடையே உள்ள நான்கு புள்ளிகளை நேர்மையாக அளந்து கொடுத்தோம்; அவ்வளவே. அளவையைச் சரிவர நிறைவேற்றும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.