பக்கத்தில் ஒரு ஆள்

அக்காவின் முதல் பிள்ளை பிறந்த அன்று நாங்கள் ஆசுப்பத்திரி வாசலில் நின்றோம். கையில் சுடுதண்ணிப் போத்தலும் பழந்துணிப் பையும். அத்தான் கேற்றுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். 14 மணித்தியாலம். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்ததும் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தோம். அந்த இரவை அதோடு மறந்தும் போனோம்.

அக்கா மறக்கவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் சொன்னா: "நோவைத் தாங்கியிட்டன். தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாததைத்தான் தாங்கேலாமப் போச்சு."

மிஸ்ஸிமாரைக் குறைசொல்ல முடியாது. ஒருவருக்கு நாலைந்து கட்டில். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்களா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களா?

அதற்குப் பிறகுதான் 'டூலா' பற்றித் தேடி வாசித்தோம். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. அமெரிக்க மானிடவியலாளர் டானா ரபேல் அதைத் தாய்க்குத் துணைநிற்கும் பெண்ணைக் குறிக்க எடுத்துக்கொண்டார். டூலா பிள்ளை எடுக்கமாட்டார், மருந்து கொடுக்கமாட்டார். அதெல்லாம் மருத்துவ மாதுவினதும் வைத்தியரினதும் வேலை. நாரியைத் தேய்த்துவிடுவது, ஒரு மிடறு தண்ணீர் பருக்குவது, எழும்பி நடக்க உதவுவது, வைத்தியர் சொன்னதை விளங்கப்படுத்துவது, பதறும் கணவனைத் தேற்றுவது, முதல் பாலூட்டலுக்குப் பக்கத்தில் இருப்பது: இவைதான் அவரின் வேலை.

சின்ன வேலைகள் போலத்தான் தெரியும். ஆனால் 2017இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களிடம் சிசேரியன் குறைவாக இருந்தது, பிரசவ நேரமும் குறுகியிருந்தது. பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்திருக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

அக்கா இரண்டாவது முறை கர்ப்பமானபோது கிளினிக்கிலேயே கேட்டோம். ஒரு பெண் துணைக்கு வரலாம் என்றார்கள். அம்மா போவா என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்கா மறுத்துவிட்டா. "அம்மா என்னைவிடக் கூட அழுவா. சின்னம்மா வரட்டும்."

சின்னம்மா போனா. இரண்டுதரம் வாசலுக்கு வந்து, "பயப்பிடாதேங்கோ, இன்னும் நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினா. அத்தான் அன்று நடக்கவில்லை, எங்களோடு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "நோ அதே நோதான்," என்று பிறகு அக்கா சொன்னா. "ஆனா இந்தமுறை நான் தனிய இல்லை."

பிள்ளை பிறந்த பிறகு சரக்குக்கறி வைக்க, தண்ணி வார்க்க, பிள்ளையைத் தூக்க எங்கள் வீடுகளில் ஆளுக்குக் குறைவில்லை. அந்த நோவு நேரத்துக்கு ஆர் என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை. எல்லா இடத்திலும் உள்ளே விடுவார்கள் என்றில்லை. கேட்காமல் விட்டால் அதுவும் தெரியவராது.

வாற மாதம் எங்கள் சிநேகிதி ஒருத்திக்குத் திகதி. தாய் வெளிநாட்டில். போன கிழமை கேட்டோம்: "உனக்குப் பக்கத்தில ஆர் நிக்கவேணும்?"

கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எங்களில் ஒருத்தியின் பெயரைச் சொன்னாள்.