பரணிலிருந்து வீதிக்கு

பழம்பொருள் சேர்ப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மாதச் சம்பளத்தை மாத நடுவிலேயே முடித்துவிடும் பாடசாலை ஆசிரியருக்கு அதிலே என்ன அக்கறை இருத்தல் கூடும்? ஆயினும், பாரிஸ் நகரில் வாழும் தமக்கையார் பயணச்சீட்டு அனுப்பி அழைத்தமையால் ஒரு சித்திரை விடுமுறையைப் பிரான்சிலே கழிக்க நேர்ந்தது. அப்போது அருங்காட்சியகங்களைக் காட்டிலும் தெருவோரப் பழம்பொருட் சந்தைகளே நம்மை ஆட்கொண்டன.

கார் து நோர் புகையிரத நிலையத்தருகே, தமிழ்க் கடைகள் நிறைந்த வீதியிலிருந்து சென்று நான்காம் இலக்க மெற்றோவில் ஏறினால், ஐந்தாவது தரிப்பு கிளின்யாங்கூர் வாயில். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சென்துவான் சந்தை. தெள்ளுச் சந்தை என்பது பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட பெயர். பழந்துணிகளோடு ஒட்டிவந்த தெள்ளுகளால் அப்பெயர் வந்தது என்பர். கண்ணாடி விளக்குகள், பொன்முலாம் பூசிய மணிக்கூடுகள், பளிங்கு மேசைகள், அரசர் காலத்து நாற்காலிகள் என்று சந்துக்குச் சந்து குவிந்து கிடக்கும் பொருள்களைப் பார்த்துக்கொண்டே நடப்பதில் ஒரு மயக்கம் உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாதவனுக்கும் அடுத்த மூலையில் ஏதோ காத்திருக்கின்றது என்ற ஆசை தோன்றிவிடுகின்றது. தேடலின் இன்பம் என்பது இதுவே போலும்.

ஆனால் இந்தச் சந்தையைத் தொடங்கியோர் செல்வர் அல்லர். கந்தல் பொறுக்கிப் பிழைத்தோரே. முதுகிலே கூடை, ஒரு கையிலே கொக்கி, மறு கையிலே விளக்கு என இரவெல்லாம் பாரிஸ் வீதிகளில் அலைந்து, குப்பைக் குவியல்களிலிருந்து துணியும் எலும்பும் இரும்பும் எடுத்து விற்றவர்கள் அவர்கள். 1883ஆம் ஆண்டு நவம்பரில், குப்பையை மூடியுள்ள கலங்களில் இட்டே வெளியே வைத்தல் வேண்டும் என நகர நிருவாகத் தலைவர் பூபெல் ஆணை பிறப்பித்தார். நகரின் சுகாதாரம் நோக்கிய நல்ல ஆணைதான். எனினும் கந்தல் பொறுக்குவோரின் பிழைப்பிலே அது மண்ணைப் போட்டது. அவர்களுடைய கோபத்தின் எதிரொலியோ என்னவோ, அத்தலைவரின் பெயரே இன்று பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. நகர மதிலுக்கு வெளியே கந்தலை விரித்து அவர்கள் விற்ற இடமே சென்துவான். சந்தை 1885ஆம் ஆண்டிலே பிறந்ததாகக் கணக்கிடுகின்றனர். இன்று அதே நிலத்தில் அரண்மனைத் தளபாடங்கள் விலை பேசப்படுவதைப் பார்க்கையில் நமக்கு நகைப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

இச்சந்தையின் பகுதிகளுக்கு வழங்கும் பெயர்கள் நம்மைச் சிந்திக்கவைத்தன. ஒரு பகுதிக்கு ஜூல் வலேஸ் என்று பெயர். 1871ஆம் ஆண்டுப் பாரிஸ் கொம்யூனிலே பங்குகொண்டு, பத்திரிகை நடத்தி, மரண தண்டனைத் தீர்ப்புக்குத் தப்பி இலண்டனில் அஞ்ஞாதவாசம் செய்த எழுத்தாளர் அவர். மற்றொரு பகுதிக்குப் போல் பேர் என்று பெயர். அவர் விஞ்ஞானி, கல்வியமைச்சராக இருந்தவர், பின்னர் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியின் தலைமைப் பிரதிநிதியாகச் சென்று, 1886இல் ஹனோயிலே இறந்தவர். ஒருவர் மக்கள் எழுச்சியின் குரல்; மற்றவர் கல்வியையும் குடியேற்ற ஆட்சியையும் ஒருங்கே சுமந்தவர். இருவருடைய பெயரின் கீழும் இன்று பழம்பொருள் விற்கிறார்கள்.

பாரிஸ் விலைகள் நமக்கு எட்டாதவை. ஆகவே ஒரு ஞாயிறன்று, அத்தானின் நண்பருடைய வானிலே, இருள் பிரியுமுன் வடக்கே அமியேன் நகருக்குப் புறப்பட்டோம். ஆண்டுதோறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் அந்நகரின் வீதிகளே சந்தையாகிவிடும். நாம் சென்றபோது வியாபாரிகள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகள் திறக்கப்படுமுன்னரே அவற்றுள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர். சொம் ஆற்றின் மேலே மூடுபனி. அதற்கப்பால் பேராலயத்தின் கோபுரங்கள். விலை கேட்குமுன் வணக்கம் சொல்லாதவனை அங்கு யாரும் மதிப்பதில்லை என்பதை முதற் கடையிலேயே கற்றுக்கொண்டோம்.

ஒரு மூலையிலே பாடசாலைப் பொருள்கள் கிடந்தன. வாங்கின் துளையிலே பொருத்தும் வெண்பீங்கான் மைக்கூடுகள், உருக்குப் பேனா முனைகள், சுருட்டிய சுவர்ப் படங்கள். 1881இலும் 1882இலும் ஜூல் பெரி என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமாகி, கட்டாயமாகி, மதச் சார்பற்றதும் ஆனது. உழவன் மகனும் சுரங்கத் தொழிலாளி மகளும் இத்தகைய கூடுகளில் முனையைத் தோய்த்தே எழுதக் கற்றனர். 1965இலேதான் குமிழ்முனைப் பேனாவுக்கு அங்குள்ள பாடசாலைகளில் இசைவு கிடைத்தது. மூன்று யூரோ கொடுத்து மைக்கூடு ஒன்றை வாங்கினோம். அதன் விளிம்பிலே ஊதாக் கறை இன்னும் இருந்தது.

பின்னர் சுவர்ப் படம் ஒன்றை விரித்துக் காட்டினர். பிரெஞ்சுப் பேரரசின் படம். ஆபிரிக்காவிலும் இந்தோசீனாவிலும் பரந்த நிலமெல்லாம் ஒரே நிறம். தென்னிந்தியக் கரையிலே புதுச்சேரியும் காரைக்காலும் சிறு புள்ளிகள். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்த அதே ஜூல் பெரிதான், 1885 ஜூலையில் பாராளுமன்றத்திலே, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களின் மீது உரிமை உண்டென வாதிட்டார். மைக்கூடும் இந்தப் படமும் ஒரே வகுப்பறையில் இருந்தவை. கையிலிருந்த மைக்கூடு திடீரெனக் கனத்தது. ஆயினும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த கடையிலே பித்தளைப் பூச்சாடிகள். அருகே சென்று பார்த்தால் அவை பீரங்கிக் குண்டின் வெற்றுக் கோதுகள். முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்கள், ஆணியும் சுத்தியலும் கொண்டு அவற்றில் இலைகளும் பூக்களும் செதுக்கியிருக்கின்றனர். ஒன்றிலே 1916 என்று பொறித்திருந்தது. சொம் ஆற்றங்கரையில் இலட்சக்கணக்கானோர் மடிந்த ஆண்டு அது. அத்தான் அதனைத் தூக்கிப் பார்த்து, மெல்லக் கீழே வைத்தார்.

“இதைக் கொண்டுபோய் வீட்டிலை வைக்கேலாது, தம்பி. எனக்கு நித்திரை வராது.”

இத்தகைய வீதிச் சந்தைகளைப் பிரெஞ்சு மொழியிலே ‘பரண் காலிசெய்தல்’ என்றும் சொல்வர். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலன்றிப் பரண் நிரம்புவதில்லை. அமியேன் நகரமும் 1940 மே மாதக் குண்டுவீச்சிலே எரிந்ததுதான். ஆயினும் மீண்டும் கட்டினர், மீண்டும் சேர்த்தனர். இன்று விற்பதற்கு அவர்களிடம் ஏதோ இருக்கின்றது. அத்தானின் குடும்பம் 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தது. திரும்பிச் சென்றபோது கூரையில்லை. கதவு நிலைகளும் இல்லை. அவருடைய தாயார் இடுப்பிலே செருகிக்கொண்டு போன திறப்பு மட்டும் மிஞ்சியது.

சந்தை கலையும் நேரத்திலே அவரைக் காணாது தேடினோம். துருப்பிடித்த திறப்புகள் குவிந்திருந்த மரப்பெட்டி ஒன்றின் முன்னே குந்தியிருந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு யூரோ கொடுத்து ஒன்றை வாங்கினார். வீட்டிலே தமக்கையார், “உது என்னத்துக்கு? எந்தப் பூட்டுக்குப் பொருந்தும்?” என்று கேட்டார். அத்தான் பதில் கூறவில்லை.

மைக்கூடு இப்போது நமது வகுப்பறை மேசையில் இருக்கின்றது. மாணாக்கர் அதனைக் கையிலெடுத்து, இதனால் யார் எழுதினார்கள் என்று கேட்கின்றனர். பழம்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே என நாம் கருதுகிறோம். விலை என்ன என்று வியாபாரி கேட்கட்டும். யாருடைய கைகள் இதைச் செய்தன, யார் பயன்படுத்தினர், யாருக்கு இது மறுக்கப்பட்டது என்று நாம் கேட்போம். பின்பு, நம் ஊர்ப் பரண்களில் எஞ்சியிருப்பவை எவை என்று வீடு வீடாகச் சென்று பார்த்து எழுதிவருமாறு அவர்களுக்குப் பணித்திருக்கிறோம்.