சுவரைப் பிடித்த ஆல்

ஹாங்காங்கில் மனிதர் கைபட்ட பெரிய மலைச்சரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சாலையோரச் சுவரில் சின்னத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அதில் முதலில் வரைபடத் தாளின் எண், நடுவில் ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண். மலையை வெட்டி உண்டான சரிவுக்கு ஓர் எழுத்து, மண் கொட்டி உண்டானதற்கு வேறொன்று, தாங்குசுவருக்கு இன்னொன்று. இப்படிப் பதிவானவை சுமார் 60,000. காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது விநோதம். எங்கள் ஊரில் சரிவைக் காட்டு என்றால் கோயில் குளத்துப் படிக்கட்டுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

அக்கா மகன் அங்கே பொறியாளர். சரிவுகளைக் கட்டிக்காப்பதே அவன் பிழைப்பு. "கோயில், கடைத்தெரு எல்லாம் அப்புறம் மாமா, முதல்ல என் சரிவைப் பாருங்க" என்று கூட்டிப் போனான். சென்ட்ரல் பகுதியில் தெருவிலேயே நகரும் படிக்கட்டு. 800 மீட்டர் நீளத்துக்கு விட்டுவிட்டுத் தொடர்ந்து நம்மை மலைமேல் ஏற்றிவிடுகிறது. 1993இலிருந்து ஓடுகிறதாம். ஏறும்போது ஒரு பக்கம் நாற்பது மாடி வீடு, மறுபக்கம் அதே உயரத்துக்கு மலை. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அந்தச் சுவரை நம்பித்தான் கீழே குடியிருப்பு, பள்ளிக்கூடம், மீன் கடை எல்லாம்.

நம்பிக்கை பொய்த்துப்போன நாளும் உண்டு. 1972 ஜூன் 18. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, பகலில் சாவ் மாவ் பிங் பகுதியில், மண் கொட்டி நிரப்பிய சாலைக்கரை சரிந்து தற்காலிகக் குடிசைகள் மேல் விழுந்தது. 71 பேர் இறந்தார்கள். அன்று இரவே போ ஷான் சாலையில் மலை சரிந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே அடித்துக்கொண்டு போனது, 67 பேர். 1976 ஆகஸ்டில் மறுபடியும் சாவ் மாவ் பிங், 18 பேர். அதன் பிறகே, 1977இல், சரிவுகளைக் கண்காணிக்க அரசு தனி அலுவலகம் திறந்தது. மழை இன்னும் அப்படியேதான் பெய்கிறது. 2023 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு ஒரே மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர். பதிவு தொடங்கிய 1884இலிருந்து அப்படி ஒரு மணி நேரம் கிடையாது. ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்க அவ்வளவு பெய்தால் எங்கள் ஊரில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும், ஒரு வாரத்துக்கு வேலை நடக்காது.

பயம் பிடித்த ஊர் முதலில் செய்தது, மலைக்கெல்லாம் பூச்சு பூசியதுதான். பழைய பூச்சுக்கு அங்கே 'சுனம்' என்று பெயர். நம் சுண்ணாம்பேதான், வெள்ளைக்காரன் சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேற்றிக்கொண்டு போன சொல். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சுண்ணாம்பு, இருபது பங்கு செம்மண். பின்னாளில் குழாய் வைத்துப் பீய்ச்சும் கான்கிரீட் வந்தது. மழைநீர் உள்ளே இறங்காது, சரிவு நிற்கும். ஆனால் நகரமே சாம்பல் நிறமானது. மரம் நின்ற இடத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாம் பூசிவிடுவார்கள். வளையத்துக்குள் நின்ற மரங்கள் சில பிழைத்தன. சில, வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்காமல் நின்றபடியே பட்டுப்போயின. அந்தப் பழைய வளையங்களை இன்றும் பார்க்கலாம். மரம் பெருத்து, கான்கிரீட் விளிம்பு அடிமரத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

இப்போது முறை வேறு. அக்கா மகன் கூட்டிப்போன சரிவில் சாரம் கட்டி, அதன்மேல் துளைபோடும் இயந்திரத்தை ஏற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத துளையைப் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு மலைக்குள் இறக்குகிறார்கள். அதற்குள் இரும்புக் கம்பியைச் செருகி, சிமெண்ட் பாலை ஊற்றி நிரப்புகிறார்கள். மண் ஆணி என்கிறான். ஆணித்தலையைக் கான்கிரீட்டில் சதுரமாகச் செய்து சரிவுக்குள் பள்ளமாகப் பதித்துவிட்டால், மேலே கம்பி வலையும் அரிப்பைத் தடுக்கும் விரிப்பும் போட்டு, புல் விதை, உரம், காகிதக் கூழ், பச்சைச் சாயம் எல்லாவற்றையும் கரைத்துப் பீய்ச்சிவிடலாம். விதை முளைக்கும் முன்னாலேயே மலை பச்சையாகிவிடுகிறது! நம் நீலகிரியிலும் கோத்தகிரிச் சாலையோரம் நெடுஞ்சாலைத் துறை இந்த முறையைக் கையாண்டிருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது ஆணியை அல்ல, நடுவில் நின்ற மரத்தை. அடிமரத்தில் கோணி சுற்றி மூங்கில் பட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். பட்டையில் ஒரு வில்லை, அதில் மரத்தின் எண். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 95 மில்லிமீட்டர் குறுக்களவு இருந்தால்தான் கணக்கில் அது மரம். அதற்குக் கீழே வெறும் செடி. சாரத்தின் குழாய் ஒன்று நேராகப் போய், கிளை வந்ததும் விலகி, சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

"இந்த ஒரு மரத்தால ரெண்டு ஆணி இடம் மாறியிருக்கு மாமா. வரைபடத்துல இதைச் சுத்தி வட்டம் போட்டிருக்கோம், அதுக்குள்ள துளைக்கக் கூடாது."

"ஆணி மாறினா பலம் குறையாதா?"

"குறையும். பக்கத்து ஆணியை நீளமாக்கணும், இல்லன்னா ஒண்ணு கூடப் போடணும். கணக்கை முதல்லேர்ந்து திரும்பப் போடணும். அதுக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதி மரம் போவுது."

மரத்தைக் காப்பதில் பெரும்பகுதி வெறும் ஒழுங்குதான் என்று தோன்றியது. வேர்மேல் மண்மூட்டை அடுக்காதே, மரத்தடியில் சிமெண்ட் சட்டியைக் கழுவாதே, கிளையில் கயிறு கட்டிச் சாமான் ஏற்றாதே.

ஆனால் ஹாங்காங்கில் என்னை வாயடைக்க வைத்தவை சரிவு மரங்களல்ல, சுவர் மரங்கள். பிரிட்டிஷ்காரர் மலையைப் படிபடியாக வெட்டி, கருங்கல் அடுக்கித் தாங்குசுவர் எழுப்பினார்கள். கல்லிடுக்கில் பறவையும் வௌவாலும் போட்ட எச்சத்திலிருந்து ஆல் முளைத்தது. நம் ஆலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இலை சிறியது, விழுது அதே விழுது. ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் சி யுங் 1990களில் தெருத்தெருவாகப் போய் எண்ணியதில் 500க்கும் மேற்பட்ட சுவர்களில் 1,200க்கும் மேல் மரங்கள் இருந்தன. சாய் யிங் புன்னில் ஐந்தாம் ஜார்ஜ் பூங்காச் சுவரின் முன் நின்றேன். மரம் நிற்கத் தரை என்று ஒன்று இல்லை. செங்குத்துச் சுவரின் நடுவிலிருந்து புறப்பட்டு, தெருவுக்கு மேலே பந்தல் போடுகிறது. வேர்கள் கல்லின் இணைப்புக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நெடுக்கும் குறுக்கும் ஓடுவதைப் பார்க்கும்போது, காஞ்சியில் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்குப் பாவும் ஊடையும்தான் நினைவுக்கு வரும். கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு வேர் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வேராகியிருந்தது.

எங்கள் ஊரில் இதே இன மரம் கோபுரத்தில் முளைத்தால் பகை. குடமுழுக்குக்கு முன் சாரம் ஏறியதும் முதல் வேலை அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் பிடுங்குவது. வேர் ஆழமாகப் போயிருந்தால் துளையிட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பார்கள். அது சரியான வேலைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். வேருக்குப் போக மண் கிடையாது, கட்டடத்தைத்தான் தின்னும். இங்கே சுவருக்குப் பின்னால் மலையே இருக்கிறது. வேர் கல்லைத் தாண்டி மண்ணுக்குள் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு மேடை கட்டிக் கும்பிடுகிற நாம், கோபுரத்து ஆலைப் பிடுங்குகிறோம். கயிலாசநாதர் கோயில் சுவரிலோ தட்சிணாமூர்த்தி ஆலின் கீழேயே அமர்ந்திருக்கிறார், ஆனால் அந்த ஆல் சிற்பி செதுக்கியது.

ஆலைக் காப்பாற்ற ஹாங்காங்காரர்கள் செலவழித்ததும் கொஞ்சமில்லை. அட்மிரால்டியில் பசிபிக் பிளேஸ் வளாகம் கட்டியபோது, பழைய ராணுவக் குடியிருப்பில் நின்ற ஓர் ஆலை நகர்த்தாமல், சுற்றிலும் மண்ணை அகழ்ந்துவிட்டு, மரத்தை மட்டும் 18 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் உள்ள ராட்சதத் தொட்டிக்குள் நிறுத்தினார்கள். செலவு சுமார் 2 கோடியே 40 லட்சம் ஹாங்காங் டாலர், அதுவும் 1980களில். மேலே நின்று பார்த்தால் தொட்டியே தெரியாது. சாதாரண மரத்தடி, சாதாரண பெஞ்சு. கென்னடி டவுனிலோ, 2014 டிசம்பரில் திறந்த மெட்ரோ நிலையத்தின் திட்டத்தையே போர்ப்ஸ் தெரு ஆல்சுவருக்காக மாற்றினார்கள். நிலையம் பழைய நீச்சல்குளம் இருந்த இடத்துக்குப் போனது. நீச்சல்குளம் வேறிடத்தில் புதிதாக எழுந்தது.

இவ்வளவு செய்த ஊர் பான்ஹாம் சாலையில் தடுமாறியது. 2015 ஜூலையில் அங்கே ஒரு சுவர் ஆல் சாய்ந்து இருவர் காயமடைந்தார்கள். ஆகஸ்டில், அதே சுவரில் மிஞ்சி நின்ற நான்கையும் நெடுஞ்சாலைத் துறை ஒரே இரவில் வெட்டிவிட்டது. வெடிப்பு கண்டது, அடுத்தது விழுந்தால் யார் பொறுப்பு என்றது அரசு. முட்டுக்கொடுத்திருக்கலாம், கிளை குறைத்திருக்கலாம், எங்களைக் கேட்கவே இல்லையே என்றார்கள் மர அறிஞர்களும் அக்கம்பக்கத்தாரும். 2008இல் ஸ்டான்லியில் மரம் விழுந்து ஒரு மாணவி இறந்ததை அந்த ஊர் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் சாலையை மூட முடியாது என்பது நியாயம். ஆனாலும் மரத்தை வெட்ட இரவைத் தேர்ந்தெடுத்தால் சனம் சந்தேகப்படத்தான் செய்யும்.

அந்தச் சுவருக்கும் போனோம். வெட்டிய இடத்தில் தடித்த அடிவேர்கள் கல்லோடு ஒட்டிக் கிடந்தன.

"வெட்டினதோட முடியல மாமா. உள்ள இருக்கிற வேர் அழுகும். அழுகினா அந்த இடம் பொந்து. பொந்துக்குள்ள மழைத்தண்ணி போச்சுன்னா, மரம் இருந்தப்ப நின்ன சுவர் அப்புறம் நிக்குமான்னு பாக்கணும்."

"கோபுரத்துலயும் அதே கதைதாண்டா. வேரை எடுத்துட்டா அந்த ஓட்டையை அடைக்காம விடமாட்டாங்க. சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் வெல்லத்தண்ணியும் கலந்து, கரைச்சு ஊத்துவாங்க."

நின்றுவிட்டான். "கடுக்காயா? எத்தனை நாள் ஊறணும்?"

"பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும்."

கைப்பேசியில் குறித்துக்கொண்டான். பிறகு, பரிசோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் ஒரு கரண்டி சுண்ணாம்பைக்கூட இங்கே சுவருக்குள் விட மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை மூட்டை கடுக்காய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.