டியூப் லைட் வைத்தியம்

நம்ம ஹாஸ்டலில் ஒருத்தனை 'டியூப் லைட்' என்றால் லேட்டாகப் புரிகிறவன் என்று அர்த்தம். எனக்கே அந்தப் பட்டம் உண்டு. ஆனால் டியூப் லைட் உயிரைக் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா நண்பர்களே?

போன தை மாசம், சம்பா அறுப்பு நேரம், பாபநாசம் பக்கத்தில் என் அக்காவுக்கு ஆண் குழந்தை. நாலாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள். "தாய்க்காரிக்கு கீழாநெல்லி அரைச்சுக் குடு, புள்ளைய வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்றது அப்பாயி. பிள்ளையோ பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தது. கிராமத்து நர்ஸ் அக்கா வந்து மூக்கை விரலால் அழுத்திப் பார்த்தார். "இப்பவே தஞ்சாவூர் கிளம்புங்க." ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் 19.

பிறந்த குழந்தைக்கு சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அதிலிருந்து வருகிற மஞ்சள் சரக்குதான் பிலிருபின். பிஞ்சுக் கல்லீரல் அதை வெளியேற்றத் திணறும். அளவு மீறினால் மூளையில் படிந்துவிடும். காது போகலாம், கை கால் விளங்காமல் போகலாம், ஆயுசுக்கும் மாறாது. டாக்டரம்மா இதைச் சொன்னபோது அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தில் படுக்க வைத்தார்கள். 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீலம், தோலில் இருக்கும் பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றிவிடுமாம். பிறகு அது நீரில் கரைந்து பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். புற ஊதாக் கதிரும் இல்லை, சூடும் இல்லை. இரண்டே நாளில் 11. "அந்த லைட்டு என்ன விலைடா, வீட்ல ஒண்ணு மாட்டிடலாமா?" என்று கேட்டது அப்பாயி!

இதைக் கண்டுபிடித்ததும் வெயிலால்தான். 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி சிஸ்டர் ஜீன் வார்ட், குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தைக்குத் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. டாக்டர் கிரெமர் குழு விளக்கு வைத்துச் சோதித்து 1958-ல் வெளியிட்டது. அப்பாயி சொன்னதில் பாதி சரி. ஆனால் வெயிலுக்கு அளவு கிடையாது, பச்சைப் பிள்ளை வெந்துபோகும்.

பழைய டியூப் யூனிட் பளிச்சென்றுதான் எரியும்; ஓட ஓட நீலத்தின் வீரியம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. சென்னை பீனிக்ஸ் கம்பெனி 2012 முதல் தயாரித்த 'பிரில்லியன்ஸ்' மாதிரி எல்.இ.டி. யூனிட்டுகள் நீண்ட நாள் தாங்கும். தீவிர சிகிச்சைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட் வேண்டும். நம்ம லேப் லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது மனிதக் கண்ணுக்கு ஏற்றபடி பச்சையைத்தான் அதிகமாகக் கணக்கெடுக்கும். தனி மீட்டர் இருக்கிறது. வார்டில் அதைப் பிடித்து அளந்துகொண்டிருந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். டிப்ளமோ இ.சி.இ.தானாம்.